ஓரம்கட்டிவிட்டுப் படி

வாழவந்தி
12 ஜூன் 2025

சக்திக்கு,

முதலில் வண்டியை ஓரம்கட்டு. கைப்பிரேக் போட்டாயா? இனிப் படி.

நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்கு மனசில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று சிக்கந்தர் மாமா சொல்லிவிட்டார். போன மாதம் குப்பனூரில் அவருடைய டீக்கடை முன்னால் லாரியை நிறுத்தி, டீ குடித்து, பன் தின்று, வந்த வழியே திரும்பிவிட்டாயாம். மலையடிவாரம் வரை வந்தவனுக்கு மேலே வீட்டுக்கு வழி மறந்துவிட்டது போலிருக்கிறது. இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

போனில் கேட்டிருப்பேன். நீ எடுக்க மாட்டாய் என்பது ஒரு பக்கம். நம் வீட்டுச் சட்டம் இன்னொரு பக்கம். "ஸ்டீரிங்கப் புடிச்சிருக்கறவன்கிட்ட போன்ல சண்ட போடக்கூடாது கண்ணு. எதுனாலும் எழுதி வெய்யி, ஓரங்கட்டிப்போட்டுப் படிச்சுக்கறேன்" என்று அப்பா சொன்னது உனக்கும் தெரியும். அவரோடு லைன் லாரி ஓட்டிய ஒருத்தர் போனில் பெண்டாட்டியோடு சண்டை போட்டபடியே தொப்பூர் இறக்கத்தில் வண்டியோடு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து இந்தச் சட்டம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அப்பாவோடு அம்மா போட்ட சண்டையெல்லாம் என் கையெழுத்தில்தான் போயிருக்கிறது. "அரிசி தீர்ந்துவிட்டது, உங்கள் தங்கச்சி வாய் மட்டும் ஓயவில்லை" என்று நாலாவது படிக்கும்போது எழுதினேன்.

அதனால் எழுதுகிறேன். சேலம் லாரி புக்கிங் ஆபீசில் ஜேசுதாஸ் அண்ணனிடம் கொடுத்தால் உன் கைக்கு வந்துவிடும்.

எனக்கு வேண்டியது ரெண்டு. இந்த ஐப்பசியோடு அப்பா போய் வருஷம் முடிகிறது. படையல் போட வேண்டும். ரோட்டில் ஒரு பிளக்ஸ் வைக்கலாம் என்று ஊரில் சொல்கிறார்கள். அதில் அப்பாவைப் பற்றி நாலு வரி எழுத உட்கார்ந்தால் எனக்கு ஓடவில்லை. மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்த மனிதரைத்தான் எனக்குத் தெரியும். மிச்ச நாட்களில் அவர் எப்படி இருந்தார் என்பது கூடவே வண்டியில் போன உனக்குத் தெரியும். எழுதி அனுப்பு.

இன்னொன்று ஹாரன். அதைத் திருப்பிக் கொடு. அப்பா எத்தனை முதலாளியிடம் எத்தனை லாரி மாறினாலும் அந்த ஏர் ஹாரனைக் கழற்றிக் கொண்டுபோய் அடுத்த வண்டியில் மாட்டுவார். சொந்தக் காசில் வாங்கியது. பலாமரத்து வளைவில் ஒரு நீட்டு, ரெண்டு குட்டி அடிப்பார். அது பள்ளத்தைத் தாண்டி நம் வீட்டுக்குக் கேட்கும். கேட்டதும் அம்மா உலை வைப்பாள். லோடு வண்டி முக்கி முனகி மேலே வருவதற்குள் சோறு பொங்கியிருக்கும். "இது லாரி ஆரன் இல்ல, உங்கம்மா ஆரன்" என்பார். அவர் போன மூன்றாம் நாள் நீ வந்து, அத்தனை பேர் முன்னால் என்னைத் திட்டிவிட்டு, அந்த ஹாரனை வீட்டுச் சுவர் ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு போனாய். அன்றிலிருந்து அம்மா சோற்றுக்கு உலை வைக்கவில்லை. கூழும் களியும்தான். நான் என் வீட்டிலிருந்து கொண்டுபோய் வைக்கும் சோற்றைப் பூனை தின்கிறது. ஆள் பாதியாகிவிட்டாள்.

பதில் எழுது.

வெண்ணிலா

*

நாக்பூர் ரோடு, ஹிங்கன்காட் தாண்டி ஒரு டாபா
3 ஜூலை 2025

அக்காவுக்கு,

ஓரம்கட்டிவிட்டுத்தான் படித்தேன். படித்துவிட்டு உடனே வண்டியை எடுத்தேன். ஓட்டினால்தான் எனக்கு ஆறுகிறது. நிறுத்தினால் தலைக்குள் எஞ்சின் ஓடுகிறது. இப்போதெல்லாம் லோடு இறக்கியதும் அடுத்த லோடு கேட்கிறேன். "ஊட்டுக்குப் போயிட்டு வாய்யா" என்று ஜேசுதாஸ் அண்ணன் கத்துகிறார். எந்த வீட்டுக்கு?

ஹாரன் தர மாட்டேன். காரணம் கேட்காதே. என் சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. நானும் மாட்டவில்லை.

பிளக்ஸ் வை, ஆனால் ஸ்டூடியோக்காரன் அப்பாவுக்குக் கோட்டு, டை போட்டுவிடுவான். அதைச் செய்தால் வந்து கிழித்துவிடுவேன். காக்கிச் சட்டையோடு இருக்கும் படத்தைக் கொடு.

ரோட்டில் எப்படி இருந்தார் என்று கேட்கிறாய். ரோட்டில் அவர் இருக்கவே இல்லை அக்கா. வீட்டில்தான் இருந்தார். நான் கிளீனராகப் போன முதல் நடையில் இந்தூர் வரை சேர்ந்து போனோம். சாயங்காலம் நாலரைக்கு எங்கே இருந்தாலும், "இப்ப வெண்ணிலா எஸ்டேட்ல இருந்து கெளம்பியிருக்கும், மழை வருதோ என்னமோ" என்பார். எங்களுக்கு முன்னால் நூறு கிலோமீட்டருக்கு வெயில் கொளுத்தும். காலையில் பல் விளக்கிக்கொண்டே, "உங்கம்மா மாட்டப் புடிச்சுக் கட்டியிருப்பா" என்பார். கை ஸ்டீரிங்கில் இருக்கும், கணக்கெல்லாம் வாழவந்தியில் ஓடும். எனக்கு எரிச்சலாக வரும். "அப்பா, இது மத்தியப் பிரதேசமுங்க, ரோட்டப் பாருங்க" என்பேன்.

தூக்கம் வந்தால் நிறுத்திவிடுவார். ஒரு பீடி, ஒரு சொட்டு சாராயம் கிடையாது. முதலாளி எவ்வளவு அவசரப்படுத்தினாலும், "என்னைய நம்பி நாலு வயிறு இருக்குதுங்க, பறக்க முடியாதுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். அப்படிச் சொல்லியே ரெண்டு வேலை போனது. அதை வீட்டில் சொல்லவில்லை. வண்டி ரிப்பேர் என்று சொன்ன நாட்களில் அவர் வேலை தேடிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு போதும். நீ எனக்கு என்ன செய்தாய் என்பதை மறந்துவிட்டு எழுதுகிறாய், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். அன்றைக்கு நாக்பூர் பக்கத்தில் இருந்த எனக்குப் போன் செய்து, "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, இறக்கிப்போட்டு வா" என்றாய். அப்பாவிடம் கொடு என்றேன். "தூங்குறாரு" என்றாய்.

சக்தி

*

வாழவந்தி
21 ஜூலை 2025

சக்திக்கு,

கைப்பிரேக்.

ஆமாம், தூங்குகிறார் என்றுதான் சொன்னேன். அப்போது அவர் உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். உன் பக்கத்தில் ஆள் இல்லை, கிளீனர் ஊருக்குப் போயிருந்தான். பின்னால் இரும்பு லோடு. முன்னால் காட்டுரோடு. "அப்பா செத்துட்டாரு" என்று நான் சொல்லி, ஸ்டீரிங் தப்பி, உன்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால்? எனக்கு இருப்பது ஒரே தம்பி. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் நான் அதையேதான் சொல்வேன். நீ எத்தனை வருஷம் முறைத்துக்கொண்டு திரிந்தாலும் சரி.

உனக்காக உடம்பை வைத்திருக்கலாமே என்று கேட்டாய், அத்தனை பேர் முன்னால். ஐப்பசி அடைமழை. ஐஸ் பெட்டியில் வைத்திருக்கக் கரண்ட் இல்லை. மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை நான் போட்டேன். கையெல்லாம் சேறு. அந்தச் சேற்றுக் கையோடுதான் அடுத்த தடவை உன்னிடம் போனில் பேசினேன். "பாத்து வா, அவசரமில்ல" என்றேன். உனக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே.

ரெண்டு வேலை போன கதை எனக்குத் தெரியாது. படித்துவிட்டு எஸ்டேட்டில் ஆட்களைப் பேர் கூப்பிடும் இடத்தில் நின்று அழுதேன். கூலிப் பதிவைத் தப்புத் தப்பாக எழுதினேன். "ரைட்டரம்மா, எனக்கு ஒரு நாள் கொறையுதுங்க" என்று குப்பாயி சண்டைக்கு வந்துவிட்டாள்.

என் பங்குக்கு நானும் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் நாலு நாளும் அந்த மனிதர் சும்மா இருக்க மாட்டார். ரேஷன் கடை, விறகு, நம் யூனிபாரம் துவைப்பது எல்லாம் அவர்தான். எனக்குத் தலை பின்னுவதற்கு அம்மாவை விட மாட்டார். லாரியில் தார்ப்பாய் கட்டுவார்கள் இல்லையா, அதே முடிச்சு. இழுத்துக் கட்டினால் என் கண் ரெண்டும் மேலே போய்விடும். "லோடு நகராது பாத்துக்க" என்பார். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாயங்காலம் பின்னல் அவிழ்ந்திருக்கும். எனக்கு ராத்திரி அம்மா ரெண்டு கையாலும் பிரித்தால்தான் வரும். அவர் லைனுக்குப் போன பிறகும் ஒரு நாள் அந்தப் பின்னலை அவிழ்க்க விடாமல் வைத்திருப்பேன்.

நாக்பூர் ஆரஞ்சு வாங்கி வருவார். "ஆரஞ்சுக் காட்டுல குடியிருந்துக்கிட்டு ஆரஞ்சு சொமந்துக்கிட்டு வர்ற ஆளு நீங்க ஒருத்தருதானுங்க" என்று அம்மா நொடிப்பாள். அடுத்த நடையிலும் வாங்கி வருவார்.

சர்க்கரையில் கண் மங்கி, லைசென்ஸ் போய், வீட்டோடு வந்த பிறகுதான் பாவம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கீழே பஸ் இறங்கினால் இவர் வலது கால் தானாக அழுத்தும். பஸ்ஸுக்கு இவர் பிரேக் போட்டுக்கொண்டிருப்பார். சாயங்காலமானால் அம்மா வேண்டுமென்றே, "ஏனுங்க, ஆரனே கேக்கல, எப்படி ஒல வெக்கறது?" என்பாள். இவர் கடைசி வண்டியிலிருந்து கழற்றி வந்து ஆணியில் மாட்டியிருந்த ஹாரனை எடுத்து, கன்னம் உப்ப வாயால் ஊதுவார். ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசிச் சாயங்காலம் வரைக்கும் நடந்தது இது.

இதெல்லாம் தெரிந்தும் நீ அதை எடுத்துக்கொண்டு போனாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. என்மேல் கோபம் என்றால் என் வீட்டில் எதையாவது உடைத்துவிட்டுப் போயிருக்கலாம். அம்மா உனக்கு என்ன செய்தாள்?

வெண்ணிலா

*

கர்னூல்
19 ஆகஸ்ட் 2025

அக்கா,

இதை நாலு ஊரில் வைத்து எழுதிக் கிழித்தேன். இங்கே தக்காளி மண்டியில் லோடுக்குக் காத்திருக்கிறேன். நகர வழியில்லை. அதனால் எழுதி முடித்துவிடுகிறேன்.

நீ கொஞ்சம் முடியவில்லை என்றாய். நான் நம்பினேன். லோடு இறக்கியதும் சேலத்துக்கு ரிட்டர்ன் லோடு கிடைத்தது, அதையும் ஏற்றிக்கொண்டேன். கொஞ்சம்தானே முடியவில்லை? வழியில் ஆரஞ்சு வாங்கினேன். சர்க்கரைக்காரருக்கு ஆகாதே என்று யோசித்து, ஒன்றே ஒன்று தின்னட்டும் என்று வாங்கினேன். சேலத்தில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு குப்பனூர் வந்தேன். சிக்கந்தர் மாமா டீயை ஆற்றினார், ஆற்றினார், ஆற்றிக்கொண்டே இருந்தார். கொடுக்கவே இல்லை. "என்னங்க மாமா, டீயா இல்ல பச்சத்தண்ணியா?" என்று கேலி செய்தேன். "பாத்து ஏறு தம்பி, வளைவுல ஒசந்த கியர் போடாத" என்றார். அவரும் உங்கள் சட்டக்காரர்தான். மலை ஏறப்போகிறவனிடம் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்.

நான் பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறினேன். பலாமரத்து வளைவு வந்தது. கிழவனார் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கேட்டால் குஷியாவார் என்று என் வண்டி ஹாரனில் அவர் மாதிரியே ஒரு நீட்டு, ரெண்டு குட்டி அடித்தேன். சிரித்துக்கொண்டே அடித்தேன் அக்கா.

வாசலில் பந்தல். ஜனம். ஆரஞ்சுப் பையோடு இறங்கினேன். உன்னைப் பார்த்தேன், உன் முகத்தில் தெரிந்துவிட்டது. உள்ளே போனால் அம்மா அடுப்பு முன்னால் குந்தியிருக்கிறாள். உலை கொதிக்கிறது. அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். ராணி அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "ஆரன் கேட்டதும் எந்திரிச்சுட்டாளே, புருசன் வர்றாருன்னு நெனச்சுப்போட்டாளே, புத்தி பேதலிச்சுப்போச்சே" என்று அழுகிறது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி அரிசியைக் களைந்தாள்.

புருஷனைப் புதைத்த வீட்டுக்கு நான் ஹாரன் அடித்திருக்கிறேன். அவளை எழுப்பி உலை வைக்க வைத்திருக்கிறேன். இதைவிட ஒரு பாவம் உண்டா? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேனா? அதனால்தான் உன்னை அப்படித் திட்டினேன். ஆணியில் அந்த ஹாரன் தொங்கியது. இனி யாரும் இதை இந்த வீட்டில் ஊதக்கூடாது, ஊதினால் அம்மா மறுபடி அடுப்புக்கு ஓடுவாள் என்று தோன்றியது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அன்றிலிருந்து எந்த ஊர் மலைப்பாதையிலும் நான் ஹாரனே அடிப்பதில்லை. வளைவில் லைட்டைப் போட்டு அணைத்துத் திரும்புகிறேன். குப்பனூர் வரை மூன்று தடவை வந்துவிட்டேன். பலாமரத்து வளைவைத் தாண்டக் கால் வரமாட்டேன் என்கிறது. படையலுக்கும் வர மாட்டேன். நீயே போடு. முதல் பிடி மண்ணையும் நீதானே போட்டாய். கோபத்தில் எழுதவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

சக்தி

*

வாழவந்தி
14 செப்டம்பர் 2025

தம்பி,

உனக்கு நான் எழுதியதைச் சொல்லிவிட்டு, உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்காமல் செய்துவிட்டேன். நீ என்னைத் திட்டுவதானால் எழுதித் திட்டு.

நானும் ராணி அத்தை நினைத்த மாதிரியேதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பாதி கேட்கும்போதே எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாள். மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். அப்புறம், "பேனாவ எடு. நான் சொல்றத ஒரு எழுத்து உடாம எழுதோணும், உம்பட சரக்கச் சேக்காத" என்றாள். இனி வருவதெல்லாம் அம்மா.

"ஏன்டா சாமி, கூறு கெட்டவனே. மண்ணுக்குள்ள வெச்ச மனுசன் லாரி ஓட்டிக்கிட்டு வருவாருன்னு நெனைக்கறதுக்கு நானென்ன பைத்தியமா? அது நீ அடிச்ச ஆரன்னு எனக்குத் தெரியாதா? உங்கப்பன் அடிச்சா நீட்டு நிதானமா போயி, அப்பறம் ரெண்டு குட்டியும் தனித்தனியா வரும். நீ பொறந்ததுல இருந்து அவசரக்காரன். உன்ற குட்டி ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும். அதக் கேட்டதும், அட எம்பட பையன் வந்துட்டான்னுதான் எந்திரிச்சேன். ஆரன் அடிச்சுக்கிட்டு வர்றான்னா அவனுக்குச் சேதி தெரியல. வந்து நின்னதும் தெரிஞ்சுபோயிரும். அப்பறம் எங்க திம்பான்? எத்தன நாளாத் தூங்காம திங்காம வர்றானோ. சூடா ரெண்டு வாய் உள்ள போயிட்டா அழுவறதுக்காவது தெம்பு வேணுமில்ல. அதுக்குத்தான் ஒல வெச்சேன். சாவு ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கக்கூடாதுன்னு நாலு பொம்பளைங்க கையப் புடிச்சாங்க. தட்டி உட்டேன். அந்த மனுசன் போயாச்சு, இருக்கற புள்ளைக்குச் சோறாக்கறது என்ன தப்புங்கறேன்?

நீ வந்த. என்னையப் பாத்த. ஆரனத் தூக்கிக்கிட்டு எறங்கிப் போயிட்ட. சோறு வெந்து, கொளஞ்சு, கஞ்சியாப் போச்சு. யாரும் தொடுல. நீ கொண்டாந்த ஆரஞ்சும் பையோட வாடிப்போச்சு.

ஆரன் இல்லைன்னு நான் ஒல வெக்காம இருக்கறதா உங்கக்கா எழுதியிருக்கறா. ஆரன் என்ன பெரிய ஆரன்? அன்னிக்கு வெச்ச ஒலைக்கே திங்கற ஆளு இன்னும் வந்து உக்காருல. அதுக்குள்ள அடுத்த ஒலைய எப்படி வெக்கறது, சொல்லு? எனக்கு மட்டும் ஆக்கித் திங்கறதுக்கு நொம்ப சங்கட்டமா இருக்குது சாமி. நீ லைட்டடிச்சு வந்தா எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் காதுதான் கேக்குது. ஆரன் அடிச்சுக்கிட்டு வா."

அவ்வளவுதான். எழுதி முடித்ததும் எங்கே எழுதியிருக்கிறேன் என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அப்புறம் கூழ் குடிக்கப் போய்விட்டாள்.

நான் சேர்க்க ஒன்றுமில்லை. படையல் ஐப்பசி எட்டாம் தேதி.

வெண்ணிலா

*

குப்பனூர்
சிக்கந்தர் மாமா கடை
24 அக்டோபர் 2025

அக்கா,

ஓரம்கட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். கைப்பிரேக் போட்டிருக்கிறேன்.

இதை மேலே வரும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பஸ் எனக்கு முன்னால் வந்துவிடும். போன் செய்திருக்கலாம் என்பாய். செய்தால் எனக்குக் குரல் உடையும், உனக்கும் உடையும், அப்புறம் நான் எப்படி மலை ஏறுவது? அப்பா சட்டம் சரிதான். உன் "தூங்குறாரு" மட்டும் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. அதை வீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்வோம்.

சீட்டுக்கு அடியில் இருந்த ஹாரனைச் சிக்கந்தர் மாமா மகன் அன்வர் மாட்டிக் கொடுத்தான். ஒரு குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஊதிப் பார்த்துத் தட்டியெடுத்தோம். மாமா இன்றைக்கு டீயைச் சூடாகவே கொடுத்தார். கடையைச் சாத்திவிட்டு என்னோடு ஏறி வருகிறார், பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்று.

பிளக்ஸை இங்கே அடிவாரத்து ரோட்டு முனையில் பார்த்தேன். காக்கிச் சட்டைப் படம்தான். நல்லது. பெயருக்குக் கீழே "லாரி ஓட்டுநர், வாழவந்தி" என்று மட்டும் போட்டிருக்கிறாய். நாலு வரி நமக்கு வராது, விடு. நாக்பூர் ஆரஞ்சு ஒரு பெட்டி கொண்டுவருகிறேன். அம்மா நொடிக்கட்டும்.

கர்னூலிலிருந்து வழியெல்லாம் என் வண்டி ஹாரனில் அப்பா மாதிரி நிதானமாக அடித்துப் பழகிப் பார்த்தேன். வரவில்லை. குட்டி ரெண்டும் ஒட்டிக்கொள்கிறது. சரி, ஒட்டட்டும். அம்மாவுக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டுமே.

நான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லாதே. இந்தக் காகிதத்தையும் வாசித்துக் காட்டாதே. பலாமரத்து வளைவில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சக்தி